பல சபைகள், ஒரே மனு: திருச்சபைகள் சேர்ந்து சமூக நீதிக்காக அரசிடம் பேசுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி ஒருவர் விஷவாயு தாக்கி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறு கத்தோலிக்கப் பங்கில் மன்றாட்டு நேரத்தில் அவருக்காக வேண்டுகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆலயத்தில் ஆராதனையில் ஜெபிக்கிறார்கள். லுத்தரன் சபைப் பெண்கள் அந்த வீட்டுக்கு அரிசியும் மளிகையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே பாஸ்டர் ராத்திரி முழுக்க அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். எல்லாமே அன்பினால் செய்தவை. ஆனால் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதம் அதே ஒப்பந்ததாரர் இன்னொருவரை இறக்குகிறார்.

அந்த ஒரு வரியைச் சேர்ந்து எழுதுவது எப்படி, எழுதிய பிறகு விடாமல் பின்தொடர்வது எப்படி என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பேராயர்களுக்கும் பெரிய அமைப்புகளுக்கும் இது அவ்வளவாகத் தேவைப்படாது. ஒரு நகரத்தில் உள்ள சபைச் செயலாளர், பங்குப் பேரவை உறுப்பினர், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்கள், வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது.

சேர்ந்து நிற்பது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய குருமார்கள், சபைப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, அவற்றைத் தொடர்ந்து சுமக்கவும் விரும்பவில்லை என்று அறிக்கை விட்டார்கள். ஆங்கிலிக்கன் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களில் ஒருவர். அதன் கனியாக 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளால் ஒரு மனுவைச் சேர்ந்து எழுத முடியாதா என்ன?

படி 1: சங்கத்தைத் தொடங்காதீர்கள், காரியத்தைத் தொடங்குங்கள்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் விழுகின்றன. முதல் கூட்டத்திலேயே பெயர் வைப்பார்கள், லெட்டர்பேட் அடிப்பார்கள், தலைவர், துணைத் தலைவர், கௌரவ ஆலோசகர் என்று பதவி பிரிப்பார்கள். நான் முதன்முதலில் பங்கெடுத்த ஒரு முயற்சியில் மூன்று கூட்டங்கள் தலைவர் யார் என்பதிலேயே கழிந்தன. நான்காவது கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. எந்தத் தொழிலாளர்களுக்காகக் கூடினோமோ அவர்களைப் பற்றி அந்த மூன்று கூட்டங்களிலும் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் இரண்டு சபைகள் போதும். ஒரு பிரச்சினை, ஆறு மாதம், ஒரு ஒருங்கிணைப்பாளர். ஆறு மாதம் முடிந்ததும் தொடர்வதா இல்லையா என்று மறுபடி பேசிக்கொள்ளலாம். 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் கூடிய திருச்சபைகள் கேட்டுக்கொண்ட கேள்வி இந்த இடத்தில் கைகொடுக்கும்: ஆழமான விசுவாச வேறுபாடு தனியாகச் செயல்படும்படி நம்மைக் கட்டாயப்படுத்தும் காரியங்கள் தவிர மற்ற எல்லாவற்றையும் நாம் சேர்ந்து செய்ய வேண்டாமா? ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்பதில் நம்மிடையே வேறுபாடு உண்டு. சாக்கடைத் தொட்டிக்குள் மனிதர் இறங்கக் கூடாது என்பதில் எந்த வேறுபாடும் இல்லை.

கூட்டம் எங்கே, எப்போது என்பதும் முக்கியம். ஊரிலேயே பெரிய ஆலயத்தில் முதல் கூட்டத்தை வைத்தால் சின்னச் சபைக்காரர்கள் விருந்தாளிகளாகவே உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். சின்ன இடத்தில் தொடங்குங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே போங்கள். வெள்ளிக்கிழமை பல பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம். சனிக்கிழமை அட்வென்டிஸ்ட் சபையாருக்கு ஓய்வுநாள், மற்றவர்களுக்கு ஞாயிறு ஆயத்தம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, கத்தோலிக்கரை எதிர்பார்க்க முடியாது. அறுப்பின் பண்டிகை வாரத்தில் சி.எஸ்.ஐ.காரர்கள் தலைநிமிர மாட்டார்கள். செவ்வாய் மாலை பெரும்பாலும் எல்லாருக்கும் ஒத்துவரும்.

படி 2: சொற்களைச் சரிசெய்யுங்கள்

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரே மொழியில் இரண்டு மூன்று தமிழ் பேசுகிறோம். கத்தோலிக்கருக்கு ‘ஆயர்’ என்றால் மறைமாவட்டத்தின் தலைவர். சி.எஸ்.ஐ.யில் ‘ஆயர்’ என்றால் உள்ளூர் ஆலயத்துக் குருவானவர். கத்தோலிக்கரின் ‘பேராயர்’ உயர்மறைமாவட்டத் தலைவர், சி.எஸ்.ஐ.யில் அது பிஷப். “எங்கள் ஆயர் கையெழுத்துப் போடுவார்” என்று ஒருவர் சொன்னால் அடுத்தவருக்குப் புரிவது வேறொன்று. பத்திரிகைக்குக் கொடுக்கும் செய்தியில் இந்தக் குழப்பம் ஏறிவிட்டால் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

செபமா ஜெபமா, தூய ஆவியா பரிசுத்த ஆவியா, நற்செய்தியா சுவிசேஷமா? கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. கத்தோலிக்கரும் பிராட்டஸ்டன்ட் சபையாரும் சேர்ந்து உழைத்த வேதாகமம் அது. ஆனாலும் பெரும்பாலான பிராட்டஸ்டன்ட் வீடுகளில் பழைய மொழிபெயர்ப்புதான் இருக்கிறது. கூட்டறிக்கையில் வசனம் சேர்க்க விரும்பினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், அரசுக்குக் கொடுக்கும் மனுவில் வசனமே வேண்டாம். வசனம் சபைக்கு, சட்டப் பிரிவு அதிகாரிக்கு. நியாயம் செய், இரக்கத்தை நேசி, தாழ்மையாய் நட என்கிற மீகா 6:8ஐ ஞாயிறு பிரசங்கத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் விரித்துப் பேசலாம்.

அழைக்கும் விதத்திலும் கவனம் தேவை. ‘ஃபாதர்’, ‘ஐயா’, ‘பாஸ்டர்’, இரட்சணிய சேனையில் ‘மேஜர்’, ‘கேப்டன்’. அவரவர் சபையில் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே எல்லாரும் அழைத்துவிட்டால் பாதி இறுக்கம் போய்விடும்.

படி 3: முதல் பிரச்சினை நம்முடையதாக இருக்க வேண்டாம்

இது என் சொந்தக் கருத்து, அழுத்தமாகவே சொல்கிறேன். சபைகள் சேர்ந்தாலே ஆலயக் கட்டட அனுமதி, கல்லறைத் தோட்டத்து நிலம், சிறுபான்மைப் பள்ளி மானியம் என்றுதான் பேச்சு போகும். அவையும் நியாயமான கோரிக்கைகளே. ஆனால் முதல் மனு நமக்காகவே இருந்தால், அதிகாரி நம்மை இன்னொரு நலச் சங்கமாகத்தான் பார்ப்பார். பக்கத்துத் தெருக்காரரும் அப்படியே பார்ப்பார். தூய்மைப் பணியாளர்கள், செங்கல்சூளைக் குடும்பங்கள், வட மாநிலத் தொழிலாளர்கள், கடலோர மக்கள், சிறையில் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். இவர்களில் ஒருவருடைய பிரச்சினையிலிருந்து தொடங்குங்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் தூய்மைப் பணியாளர் பாதுகாப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

அவர்கள் சார்பில் நாம் பேசுவது என்று முடிவெடுக்கும் முன், அவர்களோடு உட்காருங்கள். இரண்டு மூன்று முறையாவது. அவர்கள் கேட்பது நாம் நினைத்ததாக இல்லாமலும் போகலாம். நாம் கையுறை, முகமூடி என்று யோசித்துக்கொண்டிருப்போம். அவர்களோ சம்பளம் எந்தத் தேதியில் வரும், பி.எஃப். பிடித்தம் கட்டப்படுகிறதா, காயம்பட்டால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். மனுவின் தலைப்பு அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் நாளில் முன்னால் நடப்பதும் முதலில் பேசுவதும் அவர்கள்தான். வெள்ளை அங்கிகள் பின்னால் நிற்கட்டும்.

படி 4: யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு கோரிக்கை தோற்பதற்கு அது தவறான மேசைக்குப் போவதே பல சமயம் காரணம். ஊராட்சியா, நகராட்சியா, மாவட்ட நிர்வாகமா, மாநில அரசா, ஒன்றிய அரசா, நீதிமன்றமா?

இதைப் புரிந்துகொள்ள தலித் கிறிஸ்தவர்களின் பட்டியல் சாதி உரிமைக் கோரிக்கையைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. இந்தியத் திருச்சபைகள் மிக நீண்ட காலம் சேர்ந்து நின்ற போராட்டம் அது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். அதனால் ஆகஸ்ட் 10ஐக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றமும் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு.

இந்த ஆணையை மாற்றும் அதிகாரம் சென்னையில் இல்லை, டெல்லியில் இருக்கிறது. ஆனால் சென்னையால் எதுவும் முடியாது என்றும் இல்லை. மதம் மாறிய ஆதிதிராவிடர்களை மாநில அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் உண்டு. 2023 ஏப்ரல் 19 அன்று, அரசியலமைப்பைத் திருத்தக் கோரும் தனித் தீர்மானத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொண்டுவந்தார், சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. டெல்லிப் பக்கமோ, 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் சாதகமான பரிந்துரை, 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் என்று இழுத்துக்கொண்டே போகிறது. ஒரே அநீதி, ஆனால் உதவித்தொகைக்கு ஒரு மேசை, தீர்மானத்துக்கு ஒரு மேசை, சட்டத் திருத்தத்துக்கு ஒரு மேசை. எந்த மேசைக்கு எந்தக் காகிதம் என்று பிரித்துக் கொடுத்ததால்தான் இடையிடையே சில வாசல்களாவது திறந்தன.

நம் உதாரணத்துக்கு வருவோம். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதையும் தடுக்கிறது. மாவட்டந்தோறும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், அது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்றும் சொல்கிறது. சமூகப் பணியாளர்களுக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு. ஆக, நமக்கு முதல்வர் வரை போகத் தேவையில்லை. மேசை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

படி 5: ஆதாரம் திரட்டுங்கள்

சபைகளிடம் மற்ற இயக்கங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: பதிவேடு. யார் எந்த வீட்டில் இருக்கிறார், யார் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார், யார் எப்போது இறந்தார் என்று நமக்குத் தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரிக் கடலோரப் பங்குகள் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியலைத் தாங்களே ஊர் ஊராக எடுத்தன. அரசு சொன்ன எண்ணிக்கையும் ஊர் சொன்ன எண்ணிக்கையும் வேறுபட்டபோது, அந்தப் பட்டியல்களை வைத்துத்தான் மக்களால் வாதாட முடிந்தது.

அரசிடம் உள்ள தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சபைப் பெயரில் போடாதீர்கள். இந்த உரிமை குடிமக்களுக்கு உரியது என்பதால் ஒரு தனி நபர் பெயரில் போக வேண்டும். “என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்:

கடந்த மூன்று ஆண்டுகளில் மாவட்டக் கண்காணிப்புக் குழு கூடிய தேதிகள் எவை? அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பின் நகல் தேவை. குழு உறுப்பினர்களின் பட்டியல் தேவை. இதே காலத்தில் கழிவுநீர்ப் பணியில் இறந்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழங்கிய இழப்பீட்டுத் தொகை எவ்வளவு, வழங்கிய தேதி எது?

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் வழி பிறக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இழப்பீட்டைப் பற்றித் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இது தெரியாமல் சிறு தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. முதலில் அந்தக் குடும்பங்களிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

கணக்குப் போடாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 2007இல் தமிழக அரசு கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே 3.5 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தது. நடைமுறைக்கு வந்த பிறகுதான், பிற்படுத்தப்பட்டோருக்கான பொது ஒதுக்கீட்டில் இருந்தபோது கிடைத்த இடங்கள்கூட இப்போது குறைகின்றன என்று கிறிஸ்தவத் தலைவர்களுக்குத் தெரிந்தது. அவர்களே போய் எங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டாம் என்று கேட்டார்கள். 2008இல் அது திரும்பப் பெறப்பட்டது. கேட்டதை மாற்றிக்கொள்ளும் நேர்மை அவர்களிடம் இருந்தது, அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் எண்களை முன்பே பார்த்திருக்கலாம்.

படி 6: நம் வீட்டைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக ஆசையாக இருக்கும். தாண்டாதீர்கள்.

தூய்மைப் பணியாளருக்காக மனு கொடுக்கப் போகிறோம். நம் ஆலயத்துக் கழிப்பறையை யார் சுத்தம் செய்கிறார்? அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? நம் சபைப் பள்ளியின், மருத்துவமனையின் செப்டிக் டேங்கை யார், எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளை ஆட்சியர் கேட்கும் முன் நாமே கேட்டுவிட வேண்டும். ஒவ்வொரு சபையும் தன் நிறுவனங்களில் எந்த மனிதரையும் தொட்டிக்குள் இறக்குவதில்லை, ஒப்பந்தத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு மனுவோடு இணைத்தால், அந்த மனுவின் எடையே வேறு.

சாதியும் அப்படித்தான். கல்லறையில் தனி இடம், தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்ற சண்டை, சபைத் தேர்தலில் சாதிக் கணக்கு, மாப்பிள்ளை பார்க்கும்போது ‘நம்ம ஆளுங்க’. இவையெல்லாம் நமக்குள் இருக்கின்றன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2013இல் உலகெங்கும் கிறிஸ்தவ ஒன்றிப்பு செப வாரத்துக்கான வழிபாட்டு வரிசையை இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் தயாரித்தது. அந்த இயக்கத்தின் நூற்றாண்டை ஒட்டி வந்த அழைப்பு அது. தலித் மக்களின் வலியைத்தான் அவர்கள் உலகச் சபைகளின் முன் வைத்தார்கள், வசனம் மீகா 6:6-8. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை அந்த வாரம் வருகிறது. உள்ளூரில் சபைகளைச் சேர்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. பாட்டு, பிரசங்கம் எல்லாம் முடிந்தபின் அரை மணி நேரம் இந்தக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். முதலில் யாரும் பேச மாட்டார்கள். பரவாயில்லை, காத்திருங்கள்.

படி 7: ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

பதினான்கு கோரிக்கைகளோடு போன ஒரு குழுவில் நானும் இருந்திருக்கிறேன். அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, “இதில் நான் செய்யக்கூடியது எது?” என்றார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

‘ஜூபிலி 2000’ இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஏழை நாடுகளின் கட்ட முடியாத கடனை 2000ஆம் ஆண்டுக்குள் ரத்து செய்யுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை. அடிமைகளை விடுவித்து நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் லேவியராகமத்தின் யூபிலி ஆண்டுதான் அதற்கு வேர். கத்தோலிக்கரும் பிராட்டஸ்டன்ட் சபைகளும் தொண்டு நிறுவனங்களும் ஒன்றாக நின்றார்கள். 1998 மே 16 அன்று ஜி8 நாடுகளின் தலைவர்கள் பர்மிங்காமில் கூடியபோது ஏறத்தாழ 70,000 பேர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் பணக்கார நாடுகள் கடன் குறைப்பை விரிவாக்க ஒப்புக்கொண்டன. கேட்டது அத்தனையும் கிடைக்கவில்லை. ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று புரியாதவர் யாரும் இல்லை.

நம் மனு இப்படி இருக்கலாம்:

“பொருள்: 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழுவைக் கூட்டக் கோருதல். நம் மாவட்டத்தில் இந்தக் குழு கடைசியாகக் கூடிய தேதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது (நகல் இணைப்பு 1). அதன்பின் கழிவுநீர்ப் பணியில் நேர்ந்த இறப்புகளின் விவரம் இணைப்பு 2இல் உள்ளது. குழுவை 30 நாளுக்குள் கூட்டி, தூய்மைப் பணியாளர்களின் பிரதிநிதிகளை அழைத்து அவர்கள் குறைகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம்.”

கீழே முதலில் பணியாளர்களின் கையெழுத்து, அப்புறம் சபைகளின் கையெழுத்து. சபைப் பெயர்களை அகர வரிசையில் போடுங்கள். யார் பெயர் மேலே என்ற பேச்சே எழாது. இணைப்புகள் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் இருக்கட்டும், மனு மட்டும் ஒரு பக்கம்.

படி 8: கொடுங்கள், பின்தொடருங்கள்

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. காலையிலேயே போய் மனுவைப் பதிவு செய்து எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாத மனு காற்றில் போட்டது மாதிரிதான். ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் போனால் போதும், பேசுவதற்கு இரண்டு பேர். நகல்களைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகராட்சி ஆணையருக்கும் அனுப்பலாம்.

கிராமப்புறமாக இருந்தால் கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. தீர்மானப் பதிவேட்டில் உங்கள் தீர்மானம் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாநில அளவில் ஒரு கொள்கை மாற்றம் வேண்டுமென்றால் காலம் பார்த்துப் போக வேண்டும். வரவுசெலவுத் திட்டம் பொதுவாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், கொள்கை விளக்கக் குறிப்பு. ஏப்ரலில் போய்க் கேட்டால் அந்த ஆண்டு போய்விட்டது. நவம்பர், டிசம்பரில் துறைச் செயலாளரையும் உங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரையும் பாருங்கள். உறுப்பினருக்கு நீங்களே கேள்வியைத் தயாரித்துக் கொடுக்கலாம்.

எத்தனை பேர் கூடினோம் என்பதைவிட எத்தனை முறை திரும்பிப் போனோம் என்பதைத்தான் அலுவலகங்கள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. மாதம் ஒருமுறை ஒருவர் போய் “எங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது?” என்று மரியாதையாகக் கேட்டு, பதிலை நோட்டில் தேதியோடு எழுதி வரட்டும். நல்லது நடந்தால் நன்றிக் கடிதமும் எழுதுங்கள். உதவிய அதிகாரிக்கு நன்றி சொல்லவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கே நிற்க வேண்டும்: சட்ட எல்லைகள்

பயப்படத் தேவையில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டம், ஆலய வளாகத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது தேர்தல் சட்டப்படி முறைகேடு. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதைப் பரந்த பொருளில் உறுதி செய்தது. ஆகவே ஒரு சட்டத்தை நிறைவேற்றச் சொல்லுங்கள், ஒரு குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். கட்சிக்கு வாக்குக் கேட்காதீர்கள், வேட்பாளரைப் பீடத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு கட்சிக்கு மனு கொடுத்தால் அதே மனுவை எல்லாக் கட்சிகளுக்கும் கொடுங்கள்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனம் குழுவில் இருந்தால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இந்த வேலையில் கலக்க வேண்டாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அதோடு, இந்த வேலைக்கு அவ்வளவு பணமும் தேவையில்லை. நகல் எடுக்க, தபாலுக்கு, பஸ்ஸுக்கு, டீக்கு. சபைக்கு இவ்வளவு என்று உள்ளூர்க் காணிக்கையில் எடுத்து, மாதாமாதம் கணக்கை எல்லாருக்கும் காட்டுங்கள். ஊர்வலம், ஆர்ப்பாட்டம் என்றால் காவல்துறை அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

உடன்பாடு இல்லாதபோது

ஏதோ ஒரு சபை கையெழுத்துப் போடாது. “எங்கள் தலைமையிடம் கேட்க வேண்டும்” என்பார்கள், அல்லது அந்தப் பிரச்சினையிலேயே அவர்களுக்கு ஒப்புதல் இருக்காது. கட்டாயப்படுத்தாதீர்கள், அவர்கள் இல்லாததை மேடையில் சொல்லிக் காட்டவும் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கும் அழையுங்கள். முதல் மனுவில் கையெழுத்திடாதவர்கள் பாதிக்கப்பட்ட குடும்பத்தை ஒருமுறை நேரில் பார்த்த பிறகு தாங்களாகவே வந்த அனுபவம் எனக்கு உண்டு.

மசூதி ஜமாத், கோயில் கமிட்டி, தொழிற்சங்கம், தலித் இயக்கங்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளலாமா? சேர்த்துக்கொள்ள வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்காகப் பல ஆண்டுகளாகப் போராடி வருபவர்கள் நமக்கு முன்பே இருக்கிறார்கள். 2014 தீர்ப்பைப் பெற்றுத் தந்ததே சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இயக்கம்தான். அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள், அவர்கள் கட்டிய வீட்டுக்கு நம் பெயர்ப் பலகையை மாட்டாதீர்கள்.

கோப்பு யாரிடம் இருக்கிறது?

கடைசியாக ஒன்று. மே மாதம் குருவானவர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் இடமாற்றம் வரும். ஆர்வமாக இருந்த ஐயா வேறு ஊருக்குப் போவார், வருகிறவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அதனால் கோப்பு குருவானவர் வீட்டில் இருக்கக் கூடாது. மனு நகல், முத்திரை, பதிவு எண், தகவல் உரிமைப் பதில்கள், மாதாந்தர நோட்டு எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பணியாளர்களின் பிரதிநிதியிடம், மற்ற இரண்டும் வெவ்வேறு சபைகளின் விசுவாசிகள் இருவரிடம். புதிதாக வரும் குருவானவரை அந்த மூவரும் சேர்ந்தே ஜூன் முதல் வாரத்தில் போய்ப் பாருங்கள். சால்வையோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.